ஆயிரம் இறாலும் ஆறு கோழியும்

நான் அவ்வளவு யோக்கியன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். எல்லோரையும் போல நானும் வாழ்க்கையில் பொய்கள் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலானவை சொன்ன இடத்திலேயே செத்துவிட்டன. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பத்துக் கால் முளைத்து, பார்க்க வேண்டிய ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டுக் களத்தில் நடந்து போனது.

2004, வைகாசி மாதம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஓடைப்பட்டியில் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம். தோட்டத்துக்குள்ளேயே வீடு. விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு (வாங்கிய விதத்தைப் பிறகு சொல்கிறேன்) கொடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தேன். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிக்கிற மருந்து அது. அடிப்பவன் நீலமாகிவிடுவான். என் சட்டை நீலம், நகம் நீலம், காது மடலுக்குப் பின்னால்கூட நீலம். அந்த வருடம் இரண்டு இடத்தில் பெண் பார்த்தோம். இரண்டு வீட்டிலும் என் கையைப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

மூன்றாவது இடம் உத்தமபாளையத்துக்குப் பக்கம், ஆற்றோரத்து ஊர். நெல் விவசாயம் செய்கிற குடும்பம். பெண்ணின் அப்பா நல்ல உயரம், அதிகம் பேசாத ஆள். என் கையை ஒரு பார்வை பார்த்தார்.

"மாப்பிள்ளைக்குத் தோட்ட வேல மட்டுந்தேனா?" என்று கேட்டார்.

அப்பா "ஆமா" என்று சொல்ல வாயைத் திறந்தார். மூன்றாவது முறையும் "சொல்லி அனுப்புறோம்" கேட்க எனக்குத் தெம்பில்லை. முந்திக்கொண்டேன்.

"இல்ல மாமா. நன்னீர் இறால் வளக்குறேன்."

இது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அதற்கு ஆறு மாதம் முன்னால் இரண்டு நாள் இறால் வளர்ப்புப் பயிற்சிக்குப் போயிருந்தேன். சான்றிதழ் வாங்கி லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தேன். நாற்பது பக்க நோட்டில் குறிப்பும் எடுத்திருந்தேன். இறால் மட்டும்தான் இல்லை.

"எம்புட்டு விட்டுருக்கீக?"

"ஒரு… ஆயிரம் குஞ்சு."

அப்பாவுக்கு இருமல் வந்தது. அதே நேரம் கதவோரம் காபித் தட்டோடு நின்ற பெண் தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இறாலுக்கு என்ன திங்கக் குடுப்பீக?"

அதற்கு முன் பார்த்த இரண்டு பெண்களும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தப் பெண் என்னைப் பற்றி, சரி, என் இறாலைப் பற்றி, கேள்வி கேட்டாள். அந்த நிமிடமே எனக்கு ஜெயந்தியைப் பிடித்துவிட்டது. "கடலப் புண்ணாக்கு" என்றேன். அடுத்த எட்டு நாட்களுக்கு நான் சொன்ன கடைசி உண்மை அதுதான்.

"நல்லது" என்றார் அவள் அப்பா. "அடுத்த வெள்ளிக்கெழம வீடு பாக்க வாரோம். அப்படியே இறாலையும் பாத்துருவோம்."

திரும்பி வரும்போது பஸ் சின்னமனூர் தாண்டியது. அப்போதுதான் அப்பா மெதுவாகச் சொன்னார்: "ஏலே, எதுக்கு ஆயிரம்ன? பத்துன்னு சொல்லிருந்தா எங்கிட்டாவது வாங்கியாந்து விட்ருக்கலாம்ல."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீடு பார்க்க வருகிற பெண் வீட்டார் காபி குடிப்பார்கள், அவ்வளவுதான். எவ்வளவு பசித்தாலும் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட உட்கார மாட்டார்கள். இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்பந்தம் முடிந்துவிட்டது என்று பொருள். அதனால் மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் சமைத்து மூடி வைத்துவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். வெள்ளிக்கிழமை அவர்கள் சாப்பிடுவார்களா, எழுந்து போவார்களா என்பது என் இறாலைப் பொறுத்தது. என் இறால் அப்போது ஆற்றில் இருந்தது.

விலைக்குக் குஞ்சு வாங்கக் கடற்கரைப் பக்கம் போக வேண்டும், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அதற்கெல்லாம் நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் மொபெட்டை எடுத்தேன். ஒரு பழைய கொசுவலை, இரண்டு பிளாஸ்டிக் குடம், ஒரு துணியில் முடிந்த புண்ணாக்கு. அவர்கள் ஊரில் என்னை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் கீழே போய் ஆற்றில் இறங்கினேன். முகம் தெரியாமல் இருக்கத் தலையில் துண்டைச் சுற்றி முக்காடு போட்டுக்கொண்டேன். துப்பறியும் ஆள் தோற்றுப் போகவேண்டும், அவ்வளவு முன்யோசனை.

வாய்க்கால்களை அடைத்திருந்த மாதம். ஆற்றிலும் தண்ணீர் குறைவு. ஆனால் ஒரு திருப்பத்தில் இடுப்பளவு ஆழத்தில் கசம் ஒன்று இருந்தது. முதலில் கொசுவலையை விரித்து வீசினேன். வலை ஒரு கருவேல முள்ளில் மாட்டியது, நான் வழுக்கிக் குப்புற விழுந்தேன். பிறகுதான் நோட்டில் எழுதியது ஞாபகம் வந்தது. பகலில் இறால் நிழல் தேடி ஒளியும். ஆலங்கிளைகளை ஒடித்து, நடுவில் புண்ணாக்கு முடிச்சை வைத்துக் கட்டுக் கட்டாகக் கட்டி, கல்லை ஏற்றி அமுக்கிவிட்டுக் காத்திருந்தேன். மதியத்துக்கு மேல் கிளைக் கட்டு ஒன்றை அசைக்காமல் தூக்கி வலை மேல் வைத்து உதறினால், படபடவென்று பதினைந்து இறால் துள்ளியது! விரல் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு, முன்னால் இரண்டு நீளக் கொடுக்கு. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. போட்டேன் என்றும் நினைக்கிறேன். சாயங்காலத்துக்குள் எழுபத்து நான்கு சேர்ந்தது. இரண்டு விரலில் கொடுக்குப் பட்டு ரத்தம்.

குடத்தின் வாயில் ஈரச் சாக்கைக் கட்டி, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உட்கார்ந்தும் எழுந்தும் ஓட்டிக்கொண்டு ஓடைப்பட்டி வந்து சேர்ந்தேன். தோட்டத்தில் பத்தடிக்கு ஆறடி சிமெண்ட் தொட்டி ஒன்று இருந்தது. அதைத்தான் பண்ணையாக்கத் தீர்மானித்து, முந்தின நாளே கழுவி நிரப்பி வைத்திருந்தேன்.

"ஏலே, அது மருந்துத் தொட்டிலே" என்றாள் அம்மா.

"நல்லாக் கழுவிட்டேம்மா."

"எதப் போட்டுக் கழுவுன?"

"புளி."

தொட்டிச் சுவரில் பத்து வருட மயில்துத்தம், அதாவது செம்பு உப்பு, நீலமாகப் படிந்திருந்தது. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறதல்லவா, அதே கணக்கில் ஒரு கிலோ புளியைக் கரைத்து, தென்னை நாரால் தேய்த்திருந்தேன். இறுகிப் படிந்திருந்த செம்பையெல்லாம் புளி இளக்கிவிடும் என்பது வேதியியல். நான் விலங்கியல். அம்மா தொட்டியைப் பார்த்துவிட்டு, "உங்கப்பாவுக்குக் குழம்பு வைக்க நாலு எடுத்துக்கிறேன்" என்று பன்னிரண்டு இறாலை ஒரு குண்டானில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். மீதி அறுபத்திரண்டையும் தொட்டியில் விட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அறுபத்திரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். பதினோராம் பக்கத்தில் என் கையெழுத்தில், அதுவும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, இருந்தது: "இறால், நண்டு வகைகளுக்குச் செம்பு சிறிதளவும் ஆகாது." எழுதினவன் நான்தான். படிக்க வேண்டியவனும் நான்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுப்படியில் போய்ப் பார்த்தேன். குழம்புக்கு வைத்த பன்னிரண்டும் குண்டானுக்குள் சௌக்கியமாக இருந்தன. (ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்பாவுக்கு இருமல் அதிகமாகி, ரசம் போதும் என்று சொல்லிவிட்டாராம்.) நான் வளர்த்தது அத்தனையும் செத்தது, அம்மா சமைக்க வைத்தது அத்தனையும் பிழைத்தது. அதைவிட அவமானம் புதன்கிழமை காத்திருந்தது. அன்று காலை குண்டானில் எண்ணிப் பார்த்தால் பதினாறு.

"அம்மா! குஞ்சு பொரிச்சிருக்கு!" என்று கத்தினேன்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பதினாறில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மீசை இருந்தது, கொடுக்கு இருந்தது, கால் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"இது சட்ட உரிச்சுப் போட்டதுலே. என்னத்தப் படிச்ச நீ?"

நான்கு வெறும் ஓடுகள். ஓட்டை உரித்த நான்கும் உடம்பு மெத்தென்று ஆகி ஓரமாகப் பதுங்கியிருந்தன. உரிக்காதவை அவற்றைப் பார்த்த பார்வை எனக்குச் சரியாகப் படவில்லை. வியாழக்கிழமை காலையில் எண்ணினால் ஏழுதான் இருந்தது. மற்றதெல்லாம் ஏழின் வயிற்றுக்குள் இருந்தது. ஆயிரத்தில் தொடங்கிய பண்ணை ஒரே வாரத்தில் ஏழுக்கு வந்துவிட்டது.

ஏழை வைத்து ஆயிரத்தைக் காட்ட ஒரே வழி தண்ணீரைக் கலக்குவது. தொட்டிக்குள் புது தார்ப்பாய் விரித்துச் செம்பை மறைத்தேன். கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். குளத்து நீர் பச்சைபிடிக்கக் கொஞ்சம் சாணம் கரைக்கலாம் என்று நோட்டில் இருந்தது. கொஞ்சம் என்பதை நான் இரண்டு கூடை என்று எடுத்துக்கொண்டேன். இறால் ஒளிய நிழல் வேண்டுமென்று ஆலங்கிளைகளை உள்ளே வைத்து, நுனிகளை வெளியே தொங்கவிட்டேன். வியாழன் சாயங்காலம் ஏழையும் விட்டுவிட்டுப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. ஆயிரம் இருக்கலாம், யானையும் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. ஜெயந்தியின் அப்பா, அவருடைய தங்கை, உறவுக்காரர்கள் இரண்டு பேர். தங்கை, அதாவது ஜெயந்தியின் அத்தை, வந்ததும் அடுப்படியைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், மாட்டின் பல்லைத்தான் பிடித்துப் பார்க்கவில்லை. அம்மா விடிகாலையிலிருந்து சமைத்த சாம்பார், கூட்டு, வடை, பாயசம் எல்லாம் மூடியிருந்தது. காபி மட்டும் குடித்தார்கள்.

"இறாலப் பாப்பமா மாப்பிள்ளை?" என்றார் அவர்.

தொட்டியைச் சுற்றி நின்றோம். நான் நோட்டில் இருந்ததையெல்லாம் ஒப்பித்தேன். தண்ணீரின் காரத்தன்மை, தீவன அளவு, வளர்ச்சிக் காலம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க, ஒரு தடவ அரிச்சுக் காட்டுங்க."

கொசுவலையை விட்டு அரித்தேன். சாணமும் ஆலிலையும் வந்தது. மறுபடி அரித்தேன். ஆலிலை மட்டும் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள்ளேயே இறங்கிவிட்டேன். ஏழில் ஒன்றாவது வேண்டாமா? இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு. பெண் கேட்டுப் போன வீட்டுக்காரர்கள் முன்னால் சாணித் தண்ணீரில் துழாவிக்கொண்டு, "வெயில் ஏறுனா அடியில போயிரும் மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவின் இருமல் மட்டும் கேட்டது.

அப்போதுதான் ஜெயந்தியின் அப்பா களத்தின் பக்கம் கையை நீட்டி, சாதாரணமாகச் சொன்னார்: "மாப்பிள்ளை, உங்க இறாலு அந்தா போகுது."

பார்த்தேன். ஆலங்கிளையின் நுனியில் ஈரமாக ஓர் இறால் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று கீழே இறங்கி, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, கிணற்றடியை நோக்கி நடந்துகொண்டிருந்தது. (தண்ணீரில் மூச்சு முட்டினால் இறால் கரையேறிவிடும். பதினான்காம் பக்கம்.) சாணத்தைக் கொட்டி மூச்சை அடைத்ததும் நான்தான், ஏணி வைத்துக் கொடுத்ததும் நான்தான்.

எங்கள் செவலைக் கோழி ஓடிவந்து அந்த இறாலைக் கவ்விக்கொண்டு பறந்தது. பின்னாலேயே வெள்ளைக் கோழி. அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோழிகளை அந்த இடத்தை விட்டு விலக்கிவிடலாம் என்று நினைத்து, ஒரு பிடி கம்புத் தானியத்தை எடுத்து வீசி, "பா… பா… பா…" என்று கூப்பிட்டாள்.

கோழிகள் வந்தன. கொடிப் பந்தலுக்குக் கீழேயிருந்து, வைக்கோல் படப்புக்குப் பின்னாலிருந்து, ஆறும் வந்தன. ஒன்றின் அலகில் கொடுக்கு, ஒன்றின் அலகில் மீசை, ஒன்றின் அலகில் பாதி வால். என் பண்ணை முழுவதும் சம்பந்தி வீட்டார் முன்னால் வரிசையாக வந்து நின்றது.

நான் தொட்டிக்குள் முழங்கால் அளவு சாணித் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. அழுகை வரும்போல இருந்தது. அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தது ஞாபகம் வந்ததுதான் காரணம்.

"ஆயிரமெல்லாம் இல்ல மாமா" என்றேன். "ஏழுதேன். அதும் வளத்தது இல்ல. ஆத்துல பிடிச்சது."

"தெரியுமே" என்றார் அவர்.

"தெரியுமா?"

"ஞாயித்துக்கெழம எங்க வயலுக்குக் கீழதேன கொசுவலையோட நின்டீக. காலைலருந்து பொழுது சாயிற வரைக்கும் நின்டீக. மூஞ்சியில துண்டச் சுத்திருந்தீக. மேட்டுல நிறுத்தியிருந்த மொபெட்டுல உங்க அய்யா பேரும் ஓடைப்பட்டியும் அம்மாம் பெருசா எழுதிருந்துச்சு."

மஞ்சள் பெயிண்டில், நானே எழுதியது.

அம்மாதான் கேட்டாள். "தெரிஞ்சுமாண்ணே இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"நான் வேண்டாம்னுதேன் சொன்னேன். வயலுக்குக் கஞ்சி கொண்டாந்த எம் மகதேன் மொதல்ல பாத்துச்சு. 'அவுக பொய்யச் சொல்லிட்டு வீட்டுல படுத்துக் கெடக்கலப்பா. அத நெசமாக்க நாள் பூராத் தண்ணிக்குள்ள விழுந்து எந்திரிக்கிறாக. போய்ப் பாத்துட்டுத்தேன் வாங்களேன்'னு சொல்லிருச்சு." பிறகு என்னிடம் திரும்பினார். அவர் குரலில் சிரிப்பு இல்லை. "ஒண்ணு கேக்கேன். நெசத்தச் சொல்லணும். வேற என்ன பொய் சொல்லிருக்கீக?"

யோசித்தேன். சொல்லாமல் விடலாம். அதைக் கண்டுபிடிக்க ஆற்றோரத்தில் யாரும் நிற்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"பட்டப் படிப்பு மூணு வருசம்னு சொன்னேன் மாமா. அஞ்சு வருசமாச்சு. ரெண்டு பேப்பரு நின்டு போச்சு."

"எதுல?"

"வேதியியல்ல."

அவர் தன் தங்கையைப் பார்த்தார். அந்த அத்தை அதுவரை என் மீதிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் நீல நகத்தை, இடுப்புவரை அப்பியிருந்த சாணத்தை, காலடியில் திருப்தியாக அலகைத் துடைத்துக்கொண்டிருந்த கோழியை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"எலையப் போடுங்க மதினி. பசிக்குது."

அம்மா இரண்டு முறை அடுப்படிக்குப் போய் இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கடைசியில் அப்பாதான் இலை போட்டார். அவருக்கு இருமலும் நின்றுவிட்டது. நான் கிணற்றடியில் குளித்துவிட்டு வருவதற்குள் அவர்கள் பாயசத்துக்கு வந்திருந்தார்கள்.

ஆவணியில் கல்யாணம். அதற்குப் பிறகு நான் எத்தனையோ முறை மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இறால் குழம்பு வைப்பார்கள், என் இலையில் எண்ணி ஏழு வைப்பார்கள். எட்டாவது கேட்டால், "மீதிக்கு உங்க வீட்டுக் கோழியக் கேளுங்க மாப்பிள்ளை" என்பார் மாமனார். இந்த மனிதரையா அதிகம் பேசாதவர் என்று நினைத்தேன்!

ஜெயந்தி அப்படியெல்லாம் கிண்டல் செய்வதில்லை. அவளுக்கு வேறு வழி இருக்கிறது. நான் யாரிடமாவது கொஞ்சம் கூட்டிப் பேச ஆரம்பித்தால், எந்த வேலையில் இருந்தாலும் நிமிராமல், மெதுவாக, "பா… பா… பா…" என்பாள். எங்கள் பிள்ளைகள் இரண்டும் அம்மா என்ற வார்த்தைக்கு அடுத்தபடியாக இதைத்தான் கற்றுக்கொண்டன. கோழி வளர்ப்பதை விட்டே பல வருடமாகிறது.

போன மாதம் தோட்டத்தைப் பார்க்க ஒருவர் வந்திருந்தார். புதிதாகத் திராட்சை போடப் போகிறாராம். அனுபவசாலி என்று யாரோ சொல்லி என்னைத் தேடி வந்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது. பந்தலுக்குக் கீழே நின்று, "இந்தத் தடவ நம்ம தோட்டத்துல பாத்தீகன்னா, ஏக்கருக்குக் கொறஞ்சது ஒரு இருவது…" என்று ஆரம்பித்தேன்.

வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"பா… பா… பா…"

வந்தவர் சுற்றும் முற்றும் கோழியைத் தேடினார்.

"ஏழு டன்னு" என்றேன்.